பன்றி இருமினால், குரங்கு விழுந்தால்

1998 செப்டம்பரில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகரை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தன. சிலர் நினைவு தப்பி இறந்தார்கள். அதிகாரிகள் இதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி நினைத்ததில் வியப்பில்லை. பன்றி இருந்தது, கொசு இருந்தது, அந்த நோய் அந்த நாட்டுக்குப் புதியதும் அல்ல. கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

கணக்கு எங்கோ உதைத்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே படுக்கையில் விழுந்தவர்களோ பன்றிகளோடு புழங்கிய வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் வந்தது. கொசு மதம் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் பண்ணைகளுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த, பன்றியைத் தொடாத மலாய் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் காய்ச்சல் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே நோயில் கிடந்தன. மூச்சு வாங்கியது, கால் நடுங்கியது, தொலைவிலிருந்தே காதில் விழும்படி குரைப்பதுபோல் இருமின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் வளர்ந்த பன்றியை இந்தப் பாடு படுத்தாது. அந்த இருமலை யாராவது தொடக்கத்திலேயே ஒரு தகவலாக எடுத்துக்கொண்டிருந்தால் பல மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா என்ற ஊரைச் சேர்ந்த நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். ஊர்ப் பெயரே வைரஸுக்கும் வந்தது: நிபா. நோய் அடங்கியபோது மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 105 பேர் இறந்திருந்தார்கள். சுமார் 11 லட்சம் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். மலேசியப் பன்றிகளை வெட்டிய சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கும் தொற்றியது. அவர்களில் ஒருவர் இறந்தார்.

வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வந்தது. முதலில் நோய் கண்ட பெரிய பண்ணையில் பன்றிக் கொட்டில்களுக்குப் பக்கத்திலேயே மாமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழமும் எச்சமும் கொட்டிலுக்குள் விழுந்தன. ஆனால் பழம் விழுந்ததால் மட்டும் இவ்வளவு நடந்துவிடவில்லை. சிறிய பண்ணையாக இருந்தால் இருக்கிற பன்றிகளுக்கெல்லாம் வந்துபோய் வைரஸ் தானே அணைந்திருக்கும். பெரிய பண்ணையில் வாராவாரம் குட்டிகள் பிறந்துகொண்டே இருந்தன. எதிர்ப்பாற்றல் இல்லாத உடல்கள் வைரஸுக்குத் தொடர்ந்து கிடைத்தன. நோய் பரவியதும் பேராக் பண்ணைக்காரர்கள் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். லாரிகளில் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போன பன்றிகளோடு வைரஸும் போனது. நிபாவை இவ்வளவு பெரிய கேடாக்கியதில் வௌவாலின் பங்கைவிட லாரியின் பங்கு பெரிது என்றே நான் சொல்வேன்.

மலேசிய மருத்துவர்கள் முதலில் சந்தேகித்த நோயை இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் கண்டது 1955-இல், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூரில். அதே பன்றிதான், ஆனால் வழி முற்றிலும் வேறு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் குடியிருப்பது கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம். நெல்வயலில் தேங்கி நிற்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கொக்கைக் கடித்துவிட்டுப் பன்றியைக் கடிக்கும். பன்றிக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் அதன் ரத்தத்தில் வைரஸ் மளமளவென்று பெருகும். அந்த ரத்தத்தைக் குடித்த கொசு குழந்தையைக் கடித்தால் மூளைக்காய்ச்சல். இந்தக் கொசுக்களுக்குப் பன்றியையும் மனிதனையும்விட மாடுதான் பிடிக்கும். மாட்டின் உடலில் இந்த வைரஸ் பெருகாது. ஆகவே வயல், கொக்கு, கொசு, பன்றி, மாடு, குழந்தை ஆகியவை எங்கெங்கே எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதைப் பொறுத்தே ஓர் ஊரில் நோய் வருவதும் வராததும் அமைகிறது. 2005-இல் கோரக்பூர் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகுதான், 2006-இலிருந்து நோய் மிகுந்த மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள்.

விலங்கு நோய் மனிதனுக்கு வருவதைத் திடீரென்று நடக்கும் விபத்தாகவே செய்திகள் காட்டுகின்றன. உண்மையில் அது பல படிகளைத் தாண்டி வரவேண்டும். கிருமி குடியிருக்கும் விலங்கு வேண்டும். அந்த விலங்கு கிருமியை எச்சில், சிறுநீர், பால், ரத்தம் என ஏதாவதொன்றில் வெளியே விடவேண்டும். வெளியே வந்த கிருமி அடுத்த உடலைச் சேரும்வரை தாக்குப்பிடிக்கவேண்டும். சேர்ந்த உடலின் செல்லுக்குள் நுழையத் தெரிந்திருக்கவேண்டும். கடைசியாக, அங்கிருந்து இன்னொருவருக்குப் போக வழி இருக்கவேண்டும். பெரும்பாலான கிருமிகள் ஏதாவதொரு படியில் நின்றுவிடுகின்றன. எந்தப் படியில் நாம் கதவைத் திறந்து வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

விலங்குகளுக்குள்ளேயே நோய் பரவும் விதத்தை முதலில் பார்க்கலாம். மாடுகளை அழித்த வெக்கை நோய் 1887-இல் ஆப்பிரிக்காவின் எரித்ரியாப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது, இத்தாலியப் படைக்காகக் கப்பலில் ஏற்றப்பட்ட மாடுகளோடு. அடுத்த பத்தாண்டில் அது கண்டத்தின் தென்முனை வரை போனது. பல பகுதிகளில் பத்தில் எட்டு ஒன்பது மாடுகள் செத்தன. உழவுக்கு மாடில்லாமல் எத்தியோப்பியாவில் பெரும் பஞ்சம் வந்தது. இந்த நோய் மனிதனுக்கு வராது. ஆனால் அதன் மூதாதை ஒன்று எப்போதோ வந்திருக்கிறது: நம் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை வைரஸ் வெக்கை நோய் வைரஸின் நெருங்கிய உறவு. பெர்லினில் 1912-இல் தட்டம்மையால் இறந்த ஒரு குழந்தையின் நுரையீரலை அருங்காட்சியகத்தில் திரவத்தில் போட்டு வைத்திருந்தார்கள். அதிலிருந்து எடுத்த வைரஸின் மரபணுவைக் கொண்டு 2020-இல் கணக்கிட்டபோது, இரண்டும் பிரிந்தது கி.மு. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் இருக்கலாம் என்று தெரிந்தது. லட்சக்கணக்கான மக்கள் நெருங்கி வாழும் நகரங்கள் உருவான காலம் அது. அவ்வளவு பேர் இல்லாத ஊரில் தட்டம்மை தொடர்ந்து உயிர்வாழ முடியாது. மலேசியப் பண்ணைக் குட்டிகளின் கணக்கேதான் இங்கும்.

வெக்கை நோய் இன்று உலகில் இல்லை. இந்தியாவில் 1995-இல் கடைசியாகக் கண்டது. உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011-இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்த நோய் இது ஒன்றுதான். ஒழிக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு: பிழைத்த மாட்டுக்கு ஆயுள் முழுக்க எதிர்ப்பு இருக்கும், வெளியே தெரியாமல் கிருமியைச் சுமந்து திரியும் மாடு கிடையாது, ஒரே தடுப்பூசி எல்லா வகைக்கும் போதும். கோமாரியில் இந்த வசதி எதுவும் இல்லை. அதில் ஏழு வகை; இந்தியாவில் சுற்றுவதே மூன்று. குணமான மாட்டின் தொண்டையில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கும். ஊரில் கோமாரி வந்தால் சந்தையை மூடுவது அதனால்தான். 2022-இல் குஜராத், ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்ற தோல் கட்டி நோய் ஈ, கொசு, உண்ணி மூலம் பரவியது. அதுவும் மனிதனுக்கு வராது. பால் குடிக்கலாமா என்று மக்கள் பயந்த அளவுக்கு, மாட்டை இழந்தவர் கடனை எப்படிக் கட்டுவார் என்று யாரும் கேட்கவில்லை.

மாட்டுப் பண்ணையில் இன்னொரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கறவை மாடுகளுக்குப் பால் குறைந்து, திரிந்து கெட்டியாக வந்தது. பண்ணைப் பூனைகள் அந்தப் பச்சைப் பாலைக் குடித்துச் செத்தன. பார்த்தால் எச்5என்1 பறவைக்காய்ச்சல். மாட்டுக்கு அது வரும் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்திருக்கவில்லை. வைரஸ் பெருகியது மூச்சுக்குழாயில் அல்ல, மடியில். ஒரு மாட்டில் கறந்த இயந்திரத்தின் குவளையை அடுத்த மாட்டுக்கு மாட்டும்போது வைரஸும் மாறியது. மாநிலம் விட்டு மாநிலம் மாடு ஏற்றிய வண்டிகள் மீதியைச் செய்தன. கறவைக்காரர்கள் சிலருக்குக் கண் சிவந்தது, அவ்வளவோடு நின்றது.

ஏன் அவ்வளவோடு நின்றது? பறவைக்காய்ச்சல் வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் சர்க்கரை மூலக்கூறு பறவையின் குடலிலும் மூச்சுப்பாதையிலும் நிறைய இருக்கிறது. மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் இருப்பது சற்றே வேறான அமைப்பு. பறவைக்கு உள்ளது போன்றது நமக்குக் கண்ணிலும் நுரையீரலின் அடியிலும்தான் இருக்கிறது. அடிவரை போய்விட்டால் நோய் உயிரை எடுக்கும். ஆனால் தும்மினால் வெளியே வந்து அடுத்தவருக்குத் தொற்றும் இடத்தில் வைரஸ் இல்லை. 1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தும் ஊர் முழுக்கப் பரவாமல் போனதற்கு இது ஒரு காரணம். நகரத்தில் இருந்த கோழிகளையெல்லாம் அழித்தது இன்னொன்று. பன்றியின் மூச்சுக்குழாயில் இரண்டு அமைப்பும் உண்டு. பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே பன்றிக்குள் சந்தித்துக் கலந்துவிடுமோ என்ற கவலை அங்கிருந்து வருவது. ஆலப்புழை வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் என்றதும் நாமக்கல்லில் முட்டை விலை ஆடுவதை நாம் பார்க்கிறோம். விலை ஆடுவதைவிட முக்கியமானது, வாத்து மேய்ப்பவரின் கண் சிவந்திருக்கிறதா என்பது.

வைரஸ் மனிதனுக்கு வந்து, மனிதனோடு நின்றுவிட்டால் அது முட்டுச்சந்து. வெறிநோய் அப்படித்தான்: உலகில் ஆண்டுக்கு சுமார் 59,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது, கிட்டத்தட்ட எல்லாமே நாய்க்கடி. ஆனால் மனிதனிடமிருந்து மனிதனுக்கு அது பரவுவதில்லை. ஆகவே ஊரில் பத்துக்கு ஏழு நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் மனிதச் சாவும் நின்றுவிடும். கடிபட்டவருக்கு ஊசி போடும் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் ஆளுக்குப் போடும் ஊசி ஒரு துறையின் கணக்கு, நாய்க்குப் போடும் ஊசி இன்னொரு துறையின் கணக்கு. சார்ஸ், எய்ட்ஸ் போன்றவை முட்டுச்சந்தைத் தாண்டிய சிலவற்றில் சேரும். குவாங்டாங் சந்தையின் புனுகுப்பூனை வழியே வந்த சார்ஸ் 2003-க்குள் 774 உயிர்களைக் கொண்டுபோனது. சிம்பன்ஸியின் வைரஸிலிருந்து வந்த எச்.ஐ.வி. எவ்வளவு கொண்டுபோனது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

கிருமி வரும் வழிகளில் செய்தியாகாதது கை. மாடு கன்று போட்டு இளங்கொடி விழாமல் நின்றால், முழங்கை வரை உள்ளே விட்டு எடுப்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கையுறை கிடையாது, விரலில் அரிவாள் கீறிய காயம் இருக்கும். மாட்டுக்குக் கன்று வீச்சு நோய் இருந்தால் அந்தக் கொடியில் கோடிக்கணக்கான புருசெல்லா பாக்டீரியாக்கள் உண்டு. சில வாரம் கழித்து அவருக்கு மாலையில் காய்ச்சல் வந்து வியர்த்து விடும், இடுப்பு வலிக்கும். மாட்டை யாரும் நினைத்துப் பார்க்கமாட்டார்கள். விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் இருக்கிறது. நாய் இழுத்துப் போகாமல் அது காக்கும். சுற்றிக் கட்டிய கையைக் காக்காது. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதே நல்லது. அடைப்பானில் கதை இன்னும் கடுமை. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசியும் மாட்டை அறுத்தால் பாக்டீரியா காற்றுப் பட்டு வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். அறுக்காமல் புதைத்தால் உடல் அழுகும்போதே பெரும்பகுதி செத்துவிடும். இறைச்சியை வீணாக்கக் கூடாது என்று பங்கு போட்டு எடுத்துச் செல்லும் ஏழைக் குடும்பத்துக்கு இதை யார் முன்கூட்டியே சொல்வது?

எலிக்காய்ச்சலுக்குத் தொடுவதுகூடத் தேவையில்லை. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரில் வெடித்த காலோடு நின்றாலே போதும்.

காட்டோரத்துக்கு வருவோம். 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் மந்திகளும் குரங்குகளும் செத்து விழுந்தன. அதே நேரத்தில் காட்டை ஒட்டிய ஊர்களில் மனிதர்களுக்குக் காய்ச்சல் கண்டு ரத்தம் கசிந்தது. மஞ்சள் காய்ச்சல் ஆசியாவுக்கு வந்துவிட்டதோ என்று புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர் பதறி ஓடினார்கள். அது வேறு வைரஸ். பரப்பியது கொசு அல்ல, உண்ணி. குரங்கு சாகும்போது உடல் குளிர்கிறது. ஒட்டியிருந்த உண்ணிகள் இறங்கிச் சருகில் காத்திருக்கின்றன. சுள்ளி பொறுக்கவும் தழை வெட்டவும் போகிறவரின் காலில் ஏறுகின்றன. கடிப்பது பெரும்பாலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத இளம் உண்ணி.

இதில் மாட்டுக்கு என்ன வேலை? வளர்ந்த உண்ணி முட்டையிடுவதற்கு முன் பெரிய விலங்கு ஒன்றின் ரத்தம் வேண்டும். காடு வெட்டப்பட்டு ஊர் உள்ளே வந்தது, மாடுகள் காட்டுக்குள் மேய்ந்தன, உண்ணிக்கு விருந்து கிடைத்தது, உண்ணி பெருகியது. போஷெல் என்ற ஆய்வாளர் அறுபதுகளிலேயே இப்படித்தான் விளக்கினார். இந்தக் குரங்குக் காய்ச்சலைப் பிறகு நீலகிரியிலும் கண்டார்கள். வயநாட்டில் பழங்குடி மக்கள் பலரை அது படுக்க வைத்தது. நீண்ட காலம் போட்டுவந்த தடுப்பூசியால் போதிய பலனில்லை என்று கண்டு அதை நிறுத்திவிட்டார்கள். அங்குள்ள வனக்காவலருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் முதல் எச்சரிக்கை இன்றும் ஒன்றுதான்: எங்காவது குரங்கு செத்துக் கிடக்கிறதா?

காடு அழிவதற்கும் நோய் வருவதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை ஆஸ்திரேலியாவில் கால் நூற்றாண்டு கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1994-இல் பிரிஸ்பேனின் ஹெண்ட்ரா பகுதியில் பந்தயக் குதிரைகளும் அவற்றின் பயிற்சியாளர் விக் ரெயிலும் ஒரு புதிய வைரஸால் இறந்தார்கள். நிபாவின் உறவுதான்; இதுவும் பழந்தின்னி வௌவாலுடையது. மரத்தடியில் மேயும் குதிரைக்கு வந்து, குதிரையிலிருந்து மனிதனுக்கு வருகிறது. பெக்கி எபியும் ரெய்னா பிளவ்ரைட்டும் சேர்ந்து செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு 25 ஆண்டுத் தரவுகளை அலசியது. குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் அழிக்கப்பட்டதால் வௌவால்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து ஊர்களுக்கும் குதிரைத் தொழுவங்களுக்கும் அருகே குடியேறின. பட்டினியான வௌவாலிடமிருந்து வைரஸ் அதிகம் வெளியேறியது. மிச்சமிருந்த காடுகள் ஏதாவதொரு குளிர்காலத்தில் நன்றாகப் பூத்தால் வௌவால்கள் ஊரைவிட்டு அங்கே போயின. அந்த ஆண்டு குதிரைகளுக்கு நோய் வரவில்லை. வௌவாலைச் சுடவேண்டும் என்று கத்துபவர்கள் படிக்கவேண்டிய ஆய்வு இது. கூட்டத்தைக் கலைத்தால் பசித்த வௌவால்கள் இன்னும் பல இடங்களுக்குப் போகும்.

விலங்கு முதலில் சொல்லும், மனிதன் காதில் வாங்கமாட்டான் என்பதற்கு வரலாறு நிறைய இருக்கிறது. 1896-க்குப் பிறகு பிளேக் இந்தியாவில் பரவியபோது வீட்டில் எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்து வயலில் குடிசை போட்டுத் தங்குவது பல இடங்களில் வழக்கமாயிற்று. மாரியம்மனையும் மக்கள் விடவில்லை. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் உண்டு. எலிக்கும் மனிதனுக்கும் இடையில் இருப்பது தெள்ளுப்பூச்சி என்பதை 1898-இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் காட்டினார். நோயுற்ற எலியைக் கண்ணாடி ஜாடிக்குள் விட்டு, அது சாகும் நேரத்தில் நல்ல எலி ஒன்றை வலைக்கூண்டில் வைத்து ஜாடிக்குள் தொங்கவிட்டார். எலிகள் ஒன்றையொன்று தொடவில்லை; தெள்ளு மட்டுமே தாவ முடியும். சில நாளில் கூண்டு எலியும் பிளேக்கில் செத்தது. சக மருத்துவர்கள் பல ஆண்டு அதை நம்பவில்லை. எலி விழுந்ததும் வீட்டைக் காலி செய்த குடியானவருக்கு அந்தத் தாமதம் இல்லை.

நூறாண்டு கழித்து நியூயார்க்கிலும் அதே கதை. 1999 கோடையில் காக்கைகள் தெருவில் செத்து விழுந்தன. ஆகஸ்டில் குயின்ஸ் பகுதியில் முதியவர்களுக்கு மூளைக்காய்ச்சல். செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று அரசு அறிவித்தது. பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவின் நோயியலாளர் டிரேசி மெக்நமாரா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நோய் பறவைகளைக் கொல்லாது. அவர் பூங்காவில் பூநாரைகளே சாகின்றன. பறவைகளைக் கொல்லக்கூடிய இன்னொரு மூளைக்காய்ச்சலாக இருந்தால் ஈமுக்கள் முதலில் விழவேண்டும். அவை நன்றாக நிற்கின்றன. காக்கையும் மனிதனும் ஒரே நோயில் சாகிறார்கள் என்று அவர் சொன்னதை மனித நோய்களைக் கவனிப்பவர்கள் வாரக்கணக்கில் தள்ளிவிட்டார்கள். கடைசியில் அது மேற்கு நைல் வைரஸ் என்று தெரிந்தது. அந்தக் கண்டம் அதற்கு முன் கண்டிராத வைரஸ். அதே இலையுதிர் காலத்துக்குள் 7 பேர் இறந்திருந்தார்கள்.

இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. கால்நடை மருத்துவர் சொன்னால் கேட்கவேண்டிய கட்டாயம் மனித மருத்துவத்துறைக்கு இல்லை. விவசாயிக்கோ சொல்லாமலிருப்பதற்குக் காரணமே இருக்கிறது. கோழி செத்ததை அறிவித்தால் மீதிக் கோழியையும் அரசு கொல்லும். இழப்பீடு பிறகு வரும் அல்லது வராது. அறிவிக்காமல் இரவோடு இரவாக விற்றுவிட்டால் பணம் உடனே கையில். பேராக்கிலிருந்து தெற்கே போன லாரிகளின் கணக்கும் இதுதான். ஆய்வகங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, சந்தை விலைக்கு நிகரான, ஒரு வாரத்துக்குள் கைக்கு வரும் இழப்பீட்டுக்கு ஒதுக்கினால் எத்தனையோ தகவல் தானாக வந்து சேரும்.

வங்காளதேசத்தில் நிபா பன்றி இல்லாமலே வந்தது. 2001 முதல் ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலத்திலும் சிலர் இறக்கிறார்கள். ஈச்சமரத்தைச் சீவிக் குடம் கட்டி இரவில் சாறு இறக்குவார்கள். விடிகாலையில் காய்ச்சாமல் குடிப்பது அங்கே பெரிய விருப்பம். இருட்டில் படமெடுக்கும் கேமராவை மரத்தில் வைத்துப் பார்த்தபோது பழந்தின்னி வௌவால் வந்து சீவிய இடத்தை நக்குவதும், குடத்தின் பக்கத்திலேயே சிறுநீர் விடுவதும் தெரிந்தது. மூங்கில் தட்டியைச் சீவிய இடத்தின் மேல் கட்டினால் வௌவால் அண்டாது. செலவு மிகக் குறைவு. சாறு இறக்குபவர்கள் பலருக்கு அது முன்பே தெரிந்திருந்தது, வௌவால் சாற்றைத் திருடாமலிருக்க. ஆனால் எல்லா மரத்துக்கும் கட்டப் பொழுதும் பொறுமையும் இருப்பதில்லை.

கேரளத்தில் 2018 மே மாதம் கோழிக்கோட்டின் பேராம்பிராவில் நிபா ஒரு குடும்பத்தில் தொடங்கியது. முதல் நோயாளி இருந்த மருத்துவமனைகளின் வார்டிலும் நடைவழியிலும் பலருக்குப் பரவி, கவனித்த செவிலியர் ஒருவர் உட்பட 17 பேர் இறந்தார்கள். அதே வீட்டில் அடுத்தடுத்து நோயுற்றவர்களைப் பார்த்த மருத்துவர்கள் சந்தேகப்பட்டு மாதிரிகளை உடனே அனுப்பியதால்தான் அதோடு நின்றது. 2019-இல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு வந்தபோது அவர் பிழைத்தார். வேறு யாருக்கும் பரவவில்லை. 2021-இல் கோழிக்கோட்டில் ஒரு சிறுவன் இறந்தான், அடுத்தவருக்குப் போகவில்லை. 2023-இல் மீண்டும் கோழிக்கோடு, 6 பேர், 2 சாவு. மருத்துவமனைக் கதவை மூடக் கேரளம் கற்றுக்கொண்டது என்று இந்த எண்கள் சொல்கின்றன.

2018-இல் பேராம்பிரா வீட்டுக் கிணற்றில் வௌவால்கள் இருந்ததால் முதலில் அவற்றைத்தான் பிடித்துச் சோதித்தார்கள். அவை பூச்சி தின்னும் வகை, வைரஸ் இல்லை. பிறகு அந்தப் பகுதிப் பழந்தின்னிகளில் கண்டார்கள். ஈச்சஞ்சாறு குடிக்கும் வழக்கம் அங்கே இல்லை, பன்றிப் பண்ணையும் இடையில் இல்லை. அந்த முதல் நோயாளிக்கு வௌவாலிடமிருந்து எந்த வழியாக வந்தது என்பதை இன்றுவரை யாரும் நிறுவவில்லை.